சின்ன ஜோடியும் ஒரு கட்டு விறகும்

அக்கா சீட்டைக் கையில் எடுக்க மாட்டார். மேசையில் கவிழ்ந்து கிடக்கிற இரண்டு சீட்டின் மூலையைப் பெருவிரலால் நெம்பி ஒரே ஒரு தடவை பார்ப்பார். அதோடு சரி. பிறகு சீட்டின் பக்கம் கண் போகாது, நம்மைத்தான் பார்ப்பார். நம்மை என்றால் முகத்தை இல்லை. நமக்கு முன்னால் எவ்வளவு குவிந்திருக்கிறது என்று பார்ப்பார்.

போன திருவிழாவில் நீங்கள் மூன்று பேரும் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். பால்குடம் எடுக்கிற அப்பாமார் எல்லாம் கையில் காப்புக் கட்டியிருக்கிறார்கள், நம் அப்பா மட்டும் ஏன் எந்த வருஷமும் கட்டுவதில்லை என்று. அப்போது ஏதோ சொல்லி மழுப்பினேன். வாயால் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன். அதைச் சொல்ல வேண்டுமானால் இந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீட்டாட்டத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் தேயிலைத் தோட்டத்தில் நம் லயத்து வரிசையில் அக்காவின் வீடு மூன்றாம் காம்பரா. நாம் நான்காவது. நடுவில் ஒரு சுவர்தான். அவர் எட்டு வருஷம் சைப்பிரஸ் தீவில் ஒரு வயதான சீமாட்டியைப் பார்த்துக்கொள்கிற வேலையில் இருந்தார். இங்கே அவருடைய அம்மா மட்டும் தனியாக.

ஒரு திங்கட்கிழமை காலையில் அந்த அம்மா போய்விட்டார். லயத்தில் வெளிநாட்டுக்குப் பேசக்கூடிய போன் அப்போது என்னிடம்தான் இருந்தது. செய்தி சொன்னேன். கொஞ்ச நேரத்தில் அக்கா திரும்பக் கூப்பிட்டார். அழவில்லை. "தம்பி, டிக்கெட் கெடைச்சிருச்சு. புதன்கெழம காலையில வந்துருவேன். அதுவரைக்கும் வச்சிருங்க" என்றார். அந்த நேரம் வாசலில் தலைவர் நின்றார். தோட்டத்துச் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர், கோயில் கமிட்டிக்கும் அவர்தான். நான் போனை அவரிடம் கொடுத்தேன்.

"நீ பதறாம வா தாயி. நீ வந்து மொகம் பாத்தப்புறம்தான் பெட்டிய மூடுவோம். இது நான் குடுக்குற வாக்கு" என்று தலைவர் சொன்னார். ஒரு முழம் தள்ளி நின்று என் காதால் கேட்டேன்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை மாரியம்மன் கோயில் காப்புக் கட்டு. லயத்தில் பிணம் கிடந்தால் காப்புக் கட்ட முடியாது, திருவிழா தள்ளிப்போகும். அந்த வருஷம் நுவரெலியாவிலிருந்து ஒரு பெரிய மனிதரை மாலை போட அழைத்திருந்தார் தலைவர். திங்கட்கிழமையே பத்து மணிக்குக் கமிட்டி கூடியது. நாலு மணிக்குப் பெட்டியைத் தூக்கினார்கள் என்று எழுதத்தான் முதலில் பேனா போனது. தூக்கினோம். பின்பக்கத்து இடது மூலை என் தோளில் இருந்தது.

"அக்காவுக்கு என்ன சொல்றது?" என்று தலைவரிடம் கேட்டேன்.

"வந்தப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

அக்கா மறுபடியும் கூப்பிட்டால் என்ன சொல்வது என்று பயந்துபோய் நான் போனை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டேன்.

புதன்கிழமை காலை பெக்டரிச் சந்தியில் அக்கா பஸ்ஸை விட்டு இறங்கினார். ஒரு பெரிய பை. பைக்கு மேலே, அம்மாவுக்குப் போர்த்த ஹட்டனில் வாங்கிய கோடிச்சேலை, மஞ்சள் கரை போட்டது. மேலே கோயில் குழாயில் பாட்டுப் போய்க்கொண்டிருந்தது. பிணம் கிடக்கிற தோட்டத்தில் கோயில் குழாயில் பாட்டுப் போட மாட்டார்கள். யாரும் அவருக்கு எதையும் சொல்லத் தேவையிருக்கவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் அங்கேயே நின்றார். பிறகு என்னிடம், "எத்தன மணிக்கு?" என்றார்.

"நாலு மணிக்கு அக்கா."

"மழ பேஞ்சுச்சா?"

"இல்ல."

தலையை ஆட்டிக்கொண்டார். சேலையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினார்.

அன்று பின்னேரம் தலைவர் சமாதானம் சொல்ல வந்தார். அக்கா இஞ்சி தட்டிப் போட்டு அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். "நடந்தது நடந்துருச்சு தலைவரே. ஆறிடும், குடிங்க" என்றார். தலைவர் வெளியே வந்து, "நல்ல புள்ள, புரிஞ்சுக்கிட்டா" என்று எல்லோரிடமும் சொன்னார். எனக்கும் நெஞ்சில் இருந்த கல் இறங்கியது போல இருந்தது. அக்கா அதை மறந்துவிட்டார் என்று நம்பி, தலைவரும் நானும் ஒரே நாளில் ஒரே தப்பைச் செய்தோம்.

அக்கா திரும்பிப் போகவில்லை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தார். உங்களில் மூத்தவன் அவர் கட்டிய தொட்டிலில்தான் தூங்கினான். அவனைத் தூக்கிக் கொடுக்கும்போது ஒரு நாளும் முகம் கோணியதில்லை.

பௌர்ணமிப் போயா நாளில் வேலை இல்லை. சாப்பிட்ட பிறகு கிளப் விறாந்தையில் நாங்கள் நான்கு பேர் முந்நூற்று நாலு ஆடுவோம். அந்த ஆட்டத்தில் ஜாக்கிதான் பெரிய சீட்டு, முப்பது புள்ளி. அடுத்தது ஒன்பது, இருபது புள்ளி. ராஜாவுக்கு வெறும் மூன்று. தலைவர் சின்ன வயதிலிருந்தே அதில் கெட்டிக்காரர். ஜாக்கியை இறக்கினால் மேசையில் இருக்கிற கிளாஸ் துள்ளும்.

ஒரு போயாவுக்கு நான்காவது ஆள் டிக்கோயா ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். தலைவர், பால் சேகரிக்கிற பால்காரர், நான், மூன்று பேர் சும்மா உட்கார்ந்திருந்தோம். அக்கா ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தார். உள்ளே முழுக்கச் சட்டைப் பொத்தான்.

"முந்நூத்தி நாலு எனக்கு வராது. நான் ஒரு ஆட்டம் சொல்லித் தாறேன். ஆடிப் பாக்குறீங்களா?"

"சைப்பிரஸுக்கு வேலைக்குப் போனீங்களா, சீட்டு வெளையாடப் போனீங்களா?" என்றார் பால்காரர்.

"ரெண்டுக்கும்தான். சம்பளம் ஒன்னுக்குத்தான் குடுத்தாங்க."

அந்தச் சீமாட்டிக்குப் பகலில் தூக்கம் வராதாம். சாப்பிட்ட மேசையைத் துடைத்துவிட்டு இரண்டு பேரும் போக்கர் ஆடுவார்களாம், காசுக்குப் பதிலாகப் பொத்தான் வைத்து. அந்த டின்தான் இது.

ஆட்டம் இப்படி. ஆளுக்கு நூறு பொத்தான். ஆளுக்கு இரண்டு சீட்டு, கவிழ்த்து. அதை மற்றவர்களுக்குக் காட்டக்கூடாது. சீட்டு வருமுன்னே ஒருவர் ஒரு பொத்தானும் அடுத்தவர் இரண்டு பொத்தானும் வைத்துவிட வேண்டும். அது முறை மாறி மாறி வரும். பிறகு ஒவ்வொருவராகப் பேச வேண்டும். கூடப் போகலாம், ஏற்றலாம், வேண்டாம் என்று எறியலாம். அதற்குப் பிறகுதான் நடுவில் மூன்று சீட்டைத் திறப்பார்கள். அப்புறம் ஒன்று, கடைசியாக இன்னும் ஒன்று. நடுவில் கிடப்பது எல்லோருக்கும் பொது. கையில் இருப்பதையும் அதையும் சேர்த்து யாருக்குப் பலம் கூட என்று பார்ப்பது.

நாங்கள் எல்லோரும் நடுவில் திறக்கிறதுதான் ஆட்டம் என்று நினைத்தோம். அக்கா அப்படி இல்லை. "மூணு தொறக்குறதுக்கு முந்தியே ஆட்டம் முடிஞ்சிரும். தொறக்குறது சும்மா பாக்குறதுக்குத்தான்" என்பார்.

முதல் நாள் ஆட்டம் சும்மாதான் நடந்தது. இரண்டாவது போயாவில் தலைவர், "பந்தயம் இல்லாம என்னா ஆட்டம்" என்றார். விதியையும் அவரே சொன்னார். யார் முதலில் பொத்தான் முழுவதையும் விடுகிறாரோ அவர், அதை எடுத்தவருக்கு ஒரு கட்டு விறகு சுமக்க வேண்டும். "ஜெயிச்சவன் சொல்ற நாள்ல, சொல்ற எடத்துல, தோத்தவன் தன் தலையால கொண்டாந்து எறக்கணும். ஆள் வச்சு அனுப்பக் கூடாது." சொல்லிவிட்டு அக்காவைப் பார்த்துச் சிரித்தார்.

அன்று அக்காதான் தோற்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. தேயிலையைக் கவ்வாத்து வெட்டிய மலையில் கிடந்த மிலாறுக் குச்சியைப் பொறுக்கிக் கட்டி, தலையில் வைத்து, ஆறு லயத்துக்கு முன்னாலும் நடந்துபோய்த் தலைவர் வாசலில் இறக்கினார். இறக்கிவிட்டு ஈரக் குச்சிகளை ஒன்றுபோல அடுக்கினார். தலைவர் பல் குத்திக்கொண்டே பார்த்திருந்தார். அதற்கடுத்த மாதமும் அக்கா தோற்றார். அதையும் சுமந்தார். அந்த இரண்டாவது கட்டு முதல் கட்டைவிடப் பெரியது.

"என்னாக்கா, வேணுமின்னே தோக்குறீங்களா?" என்று பால்காரர் கேட்டார்.

"அவருக்கு இந்த ஆட்டம் புடிக்கணும்ல" என்றார் அக்கா.

தலைவருக்கு நன்றாகப் பிடித்துவிட்டது.

அக்காவுக்கு உயிர் சின்ன ஜோடி. கையில் வருகிற இரண்டு சீட்டும் ஒரே எண்ணாக இருந்தால் ஜோடி. இரண்டிலிருந்து ஆறு வரைக்கும் உள்ளது சின்ன ஜோடி. எங்களைப் போன்றவர்கள் ஜோடி என்றதும் குதிப்போம். பால்காரர் இரண்டு நாலைப் பார்த்தால் காது சிவந்துவிடும், ஏற்றிவிட்டுத் தோற்பார். அக்கா அதைத் தூக்கிப் பிடிக்க மாட்டார். "சின்ன ஜோடி சத்தம் போடக் கூடாது. அது தனியா நின்னா எந்தப் பெரிய ஜோடியும் மிதிச்சிட்டுப் போயிரும். நடுவுல மூணாவது வரணும். வந்துட்டா அது இருக்குறது யாருக்கும் தெரியாது" என்பார்.

அந்த மூன்றாவது, திறக்கிற மூன்று சீட்டில் எட்டு ஒன்பது தடவைக்கு ஒரு தடவைதான் வரும். வராத அத்தனை தடவையும் வைத்தது போகும். ஆகவே, வருகிற அந்த ஒரு தடவையில் எதிரில் இருப்பவனிடமிருந்து எல்லாவற்றையும் எடுக்க முடிந்தால் மட்டும்தான் காத்திருப்பதில் அர்த்தம் உண்டு. அதற்காகத்தான் அவர் கண் நம் பொத்தானுக்குப் போகும். ஆறு பொத்தான் கொடுத்துக் கூடப் போக வேண்டுமென்றால், ஏற்றினவன் முன்னால் அதைப் போல இருபது மடங்காவது கிடக்க வேண்டும். அவன் கோபக்காரனாகவும் இருக்க வேண்டும். கையில் நல்லது இருந்தால் விட மனம் வராதவனாக இருக்க வேண்டும்.

ஒரு தடவை அக்கா முதலில் பேச வேண்டிய முறை. மூலையை நெம்பிப் பார்த்தார், எறிந்துவிட்டார். நடுவில் திறந்த மூன்றில் ஒரு ஐந்து வந்தது. ஆட்டம் முடிந்ததும் நான் அவர் சீட்டைப் புரட்டினேன். இரண்டு ஐந்து.

"எறிஞ்சிட்டீங்களே அக்கா."

"எனக்குப் பின்னால மூணு பேரு பேச இருந்தீங்க தம்பி. யாரு ஏத்துவான்னு தெரியாம மொதல்ல போயி நிக்கக் கூடாது. எல்லாரும் பேசி முடிச்சு, கொறைச்ச வெலையில பாக்கக் கெடைச்சா பாக்கணும். ரெண்டு பேரு மாத்தி மாத்தி ஏத்துனா, இருக்கறது ஜோடிதான்னாலும் எறியணும்."

"அஞ்சு வந்துச்சே."

"வந்தது வந்துச்சு. அதுக்காக அடுத்த தடவையும் போவேனா?"

இன்னொரு தடவை அவர் முன்னால் பதினொரு பொத்தான்தான் மிச்சம். இரண்டு நாலு வந்தது. அன்றைக்கு மட்டும் காத்திருக்கவில்லை. முதல் ஆளாகப் பதினொன்றையும் நடுவில் தள்ளினார். நாங்கள் மூன்று பேரும் பயந்து எறிந்தோம். தலைவருக்குத் தாங்கவில்லை. "சத்தம் போடக் கூடாதுன்னு சொல்லுவ, இப்ப நீயே போடுற?" என்றார்.

"கொறைச்சலா இருக்கறப்ப மூணாவதுக்குக் காத்துக்கிட்டு இருக்க முடியாதுங்க தலைவரே. காத்திருக்கறதுக்குக் கையில இருக்கணும்."

தலைவருக்கு அக்கா எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். ஒளிக்கவில்லை. கேட்டால் சொல்வார். ஆனால் ஒன்றை மட்டும் அவர் திருத்தவில்லை. தலைவர் கைக்கு ஜாக்கியும் ஒன்பதும் வந்தால், முந்நூற்று நாலின் பழக்கத்தில், உலகமே வந்துவிட்டது போல ஏற்றுவார். இடது கை தானாகத் தொடையைத் தட்டும். இந்த ஆட்டத்தில் ஜாக்கி ராணிக்குக் கீழே, ஒன்பது பத்துக்குக் கீழே. தலைவருக்கு அது மண்டைக்குத் தெரியும், கைக்குத் தெரியாது. அக்கா அந்தத் தட்டலை ஒவ்வொரு போயாவும் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்லவே இல்லை.

அவர் ஒரு வருஷமும் பத்து மாதமும் காத்திருந்தார். நடுவில் ஒரு திருவிழா வந்து போனது. தலைவர் காப்புக் கட்டி முன்னால் நடந்தார். அக்கா வாசலில் நின்று கும்பிட்டார். தோற்றவர்கள் எல்லோரும் விறகு சுமந்தார்கள். பால்காரர் ஒரு தடவை மகளிடம் கட்டைக் கொடுத்தனுப்பினார் என்று தலைவர் கோயில் கூட்டத்திலேயே அவரை நிறுத்தி, "வாக்கு மாறுறவன் மீசைய எடுத்துரு" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை என்பது எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

நானும் இரண்டு தடவை சுமந்தேன். தலைவருக்கு ஒன்று, பால்காரருக்கு ஒன்று. அக்காவுக்கு ஒரு தடவையும் சுமக்கவில்லை. ஏனென்றால் நான் ஏற்றினால் அக்கா எறிந்துவிடுவார். எப்போதும். ஒரு நாள் அவர் எறிந்ததைப் பார்த்தேன், இரண்டு ஆறு. என்மேல் இரக்கம் என்று நினைத்தேன். என் பிள்ளையைத் தொட்டிலில் போடுகிறவர் அல்லவா என்று நினைத்தேன்.

இரண்டாவது வருஷத்துத் திருவிழாவுக்கு முந்தின போயா வந்தது. காப்புக் கட்டுக்கு நாலு நாள். தலைவர் ஏற்கெனவே விரதம். அன்று எனக்கு முன்னால் இருபது பொத்தான் மிச்சம். பால்காரரிடம் நாற்பது. தலைவரிடம் நூற்றைம்பது. அக்காவிடம் நூற்றுத் தொண்ணூறு.

பால்காரர் சீட்டுப் போட்டார். நான் முறைப்படி ஒரு பொத்தான், அக்கா இரண்டு. முதலில் பேச வேண்டியவர் தலைவர். பார்த்தார். இடது கை தொடையைத் தட்டியது. எட்டு வைத்தார். பால்காரர் எறிந்தார். நான் எறிந்தேன். அக்கா மூலையை நெம்பிப் பார்த்தார். அவருக்குப் பிறகு பேச யாருமில்லை. இன்னும் ஆறு வைத்தால் போதும். தலைவர் முன்னால் நூற்று நாற்பத்திரண்டு கிடந்தது. அக்கா அதை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆறு பொத்தானை ஒவ்வொன்றாக வைத்தார். எல்லாம் வெள்ளைப் பொத்தான்.

திறந்தது: ஜாக்கி, ஒன்பது, மூன்று.

தலைவர் கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது போல மின்னியது. முந்நூற்று நாலின் முப்பதும் இருபதும் கையிலும் இருக்கிறது, மேசையிலும் கிடக்கிறது. அக்கா மேசையை விரலால் தட்டினார், வைக்கவில்லை என்று. தலைவர் முப்பது வைத்தார். அக்கா யோசித்தார். சேலை நுனியால் வாயைத் துடைத்தார். தொண்ணூறு வைத்தார்.

"எல்லாம்" என்றார் தலைவர். இரண்டு கையாலும் தள்ளினார். கிளாஸ் துள்ளியது.

"சரிங்க" என்றார் அக்கா. சீட்டைத் திருப்பினார். இரண்டு மூன்று.

தலைவருக்கு விளங்கச் சற்று நேரம் எடுத்தது. இன்னொரு ஜாக்கியோ ஒன்பதோ வந்தால் அவர் தப்பிவிடுவார். பால்காரர் அடுத்த சீட்டைத் திறந்தார். ஆறு விழுந்தது. அப்புறம் ராஜா.

தலைவர் சிரிக்கப் பார்த்தார். "சரி, வெறகு எங்க எறக்கணும்?"

"செவ்வாக்கெழம காலையில. பெரட்டுல பேரு குடுக்குறதுக்கு முந்தி. எங்கம்மா தலமாட்டுல."

பால்காரர்தான், "அக்கா, செவ்வாக்கெழம காப்பு" என்றார், மெதுவாக.

"தெரியும்."

"அன்னிக்கே மயானத்துக்குப் போயிட்டு வந்து காப்புக் கட்ட முடியாது தாயி" என்றார் தலைவர்.

"முடியாதுங்க."

"வேற நாள் சொல்லு."

"சொல்ற நாள்ல, சொல்ற எடத்துலன்னு நீங்கதான் சொன்னீங்க."

"ஒரு சீட்டாட்டத்துக்காகச் சாமி காரியத்தக் கெடுப்பியா?"

"சாமி காரியம்னு சொல்லித்தான் எங்கம்மாவ அவசரப்பட்டுத் தூக்குனீங்க. அதப் பத்தி நான் ஒன்னும் கேக்கல. வெறகுதான் கேக்குறேன்." சொல்லிக்கொண்டே பொத்தான்களை டின்னுக்குள் அள்ளினார். ஒன்று கீழே விழுந்தது. குனிந்து தேடி எடுத்த பிறகுதான் போனார்.

பின்னேரத்துக்குள் ஆறு லயத்துக்கும் தெரிந்துவிட்டது. தலைவர் வர மாட்டார் என்று பாதிப் பேர். வருவார் என்று பாதிப் பேர். நான் வர வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அதை உங்களிடம் மறைக்க மாட்டேன்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் தலைவரின் மருமகன் கட்டைச் சுமந்துகொண்டு வந்தான். மயானத்துக்குத் திரும்புகிற பாதையில் அக்கா நின்றார். கூடை மாட்டிப் பெரட்டுக்குப் போகிற பெண்கள் எல்லோரும் மேலே ரோட்டில் நின்றுவிட்டார்கள்.

"எறக்காதீங்க தம்பி. ஆட்டம் ஆடுனது நீங்க இல்ல" என்றார் அக்கா.

"மாமாவுக்கு முதுகு புடிச்சிருக்கு அக்கா."

ரோட்டிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. "பால்காரருக்கும் அன்னிக்கு முதுகுதான் புடிச்சிருந்துச்சு." கூட்டத்தில் சிரிப்பு. இன்னொரு குரல், "மீசைய எடுக்கச் சொல்லுங்க."

மருமகன் கட்டோடு திரும்பிப் போனான். கொஞ்ச நேரம் கழித்து அதே கட்டைத் தலைவர் சுமந்து வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருநீறு. சும்மாடு சரியாக வைக்கத் தெரியாமல் குச்சி ஒரு பக்கம் சாய்ந்து கழுத்தைக் கீறிக்கொண்டிருந்தது. ஆறு லயத்துக்கு முன்னாலும் நடந்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது.

தலைமாட்டில் இறக்கினார். திரும்பிப் போகப் பார்த்தார்.

"நில்லுங்க" என்றார் அக்கா. "எங்கம்மாவ ரெண்டு நாள் வைக்க முடியாதுன்னீங்க. நீங்க ரெண்டு நிமிஷம் நில்லுங்க."

தலைவர் நின்றார். அக்கா பையைத் திறந்து அந்தக் கோடிச்சேலையை எடுத்தார். மடிப்புக் கலையாமல் இருந்தது. மண் மேட்டின்மேல் விரித்து, நாலு மூலைக்கும் நாலு கல் வைத்தார். அவசரமே இல்லை. பிறகு, "இப்ப போங்க" என்றார்.

அன்று காப்பு பால்காரர் கையில் ஏறியது. தலைவர் திருவிழா முழுக்க வீட்டுக்குள் இருந்தார். அடுத்த வருஷம் கமிட்டிக்கு அவர் பெயரை யாரும் சொல்லவில்லை.

அக்கா சந்தோஷமாக இருந்தாரா என்று கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. வழக்கம்போலப் பிள்ளைக் காம்பராவுக்குப் போனார், தொட்டில் ஆட்டினார். அடுத்த போயாவுக்கு நான் கிளப் விறாந்தைக்குப் போனேன். அக்கா மட்டும் இருந்தார். பொத்தான்களை நிறம் பிரித்துக்கொண்டிருந்தார். மறுபடியும் சைப்பிரஸுக்குப் போகிறார் என்று அப்போதுதான் தெரிந்தது.

நான் எதிரில் உட்கார்ந்தேன். இரண்டு வருஷம் வாய்க்குள் கிடந்ததைச் சொன்னேன். "அக்கா, அன்னிக்குப் பெட்டியில பின்னால ஒரு மூல நான்தான் புடிச்சேன்."

"தெரியும்."

"நீங்க மறுபடி கூப்பிடுவீங்கன்னு போன அணைச்சு வச்சேன்."

"பதினாலு தடவ கூப்பிட்டேன்" என்றார். பொத்தானைப் பிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

"அப்புறம் ஏன் என்ன ஒன்னுமே கேக்கல? நான் ஏத்துனா ஏன் எப்பவும் எறிஞ்சீங்க? நான் வெறகு சொமந்திருப்பேனே."

அக்கா முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். கோபமே இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"ஒங்க முன்னால எப்பவும் கொஞ்சம்தான் இருக்கும் தம்பி. எனக்கு மூணாவது வந்தாலும் ஒங்ககிட்ட எடுக்க என்னா இருக்கு?"

டின்னை மூடினார். எழுந்து போனார். அடுத்த கிழமை கொழும்பு பஸ்ஸில் ஏறினார். மூன்றாம் காம்பராவுக்கு வேறு ஆட்கள் வந்தார்கள்.

அந்த வருஷத்துக்குப் பிறகு, காப்புக் கட்டு அன்று விடிந்ததும் நீங்கள் எழும்புமுன் நான் எங்கே போகிறேன் என்று உங்களுக்குத் தெரியாது. கவ்வாத்து மலையிலிருந்து ஒரு கட்டு மிலாறு சுமந்து அந்தத் தலைமாட்டில் இறக்கிவிட்டு வருகிறேன். யாரும் என்னைத் தோற்கடிக்கவில்லை, யாரும் இடம் சொல்லவில்லை. அன்று காலை மயானத்துக்குப் போனவன் காப்புக் கட்ட முடியாது. அதுதான் நீங்கள் கேட்டதற்குப் பதில். போன வருஷத்துக் கட்டு மழையில் ஊறிப் பாசி பிடித்து அப்படியே கிடக்கும். அதன்மேல் புதிதை வைப்பேன்.

இந்தப் பழைய நம்பரை மாற்றுங்கள் என்று மூத்தவன் சொல்லிக்கொண்டே இருக்கிறான். மாற்ற மாட்டேன். போனை அணைப்பதும் இல்லை. இத்தனை வருஷத்தில் அது ஒரு தடவைகூட சைப்பிரஸிலிருந்து அடிக்கவில்லை.